தார் பாலைவனத்தில் குடும்பத்தோடு பறவை பார்க்க: எட்டு நாள் பயணக் கையேடு

வேடந்தாங்கலில் கரையில் நின்றால் போதும், ஆயிரக்கணக்கில் பறவைகள் கண்முன்னே இருக்கும். தாரில் அப்படிக் கிடைக்காது. புல்லும் மணலும் கல்லுமாக விரிந்த பரப்பில் பறவைகள் சிதறிக் கிடக்கும். ஜீப்பில் அலைந்து தேடினால் பெரியவர்களுக்கே அலுத்துவிடும்; எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் இதே பாலைவனத்தில் பறவைகள் நேரம் தவறாமல் வந்து கூடும் இடங்கள் சில உண்டு: தானியம் இறைக்கும் முற்றம், தண்ணீர் தேங்கிய குட்டை, செத்த மாடும் ஒட்டகமும் கொண்டுவந்து போடும் திடல், இருட்டும் நேரத்தில் பருந்துகள் அடையும் புல்வெளி. பயணத்தை இந்த நான்கைச் சுற்றி அமையுங்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் பெரிய தரைப்பறவையான கானமயிலைத் தேட இரண்டு நாள் ஒதுக்கினால் போதும்.

எப்போது, எந்த வழி

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. மார்ச்சில் கொக்குகள் கிளம்பிவிடும், வெயிலும் ஏறிவிடும். கோடை விடுமுறையில் போகலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கீச்சன் கிராமத்தை ஒட்டிய பலோதியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது.

நம் பிள்ளைகளுக்கு விடுமுறை அமைவது அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான். அந்த வாரம் ஜெய்சல்மேரில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் நெரியும், அறை வாடகையும் எகிறிவிடும். பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் விடுப்புச் சேர்த்துப் போவது மேல். ஜனவரியில் தால் சாப்பர் இருக்கும் சூரு மாவட்டத்துப் பக்கம் காலைப் பனிமூட்டம் இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். தை, மாசியில் ஜெய்சல்மேரில் நடக்கும் பாலைவனத் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வழி இது: ஜோத்பூரில் இறங்கி, அன்று மாலைக்குள் பலோதி (சுமார் 140 கி.மீ.). மறுநாள் காலை கீச்சன், மதியம் ஜெய்சல்மேர் (சுமார் 165 கி.மீ.). மூன்றாம், நான்காம் நாட்கள் பாலைவனத் தேசியப் பூங்கா. ஐந்தாம் நாள் முழுக்கப் பிகானேர் பயணம், 330 கி.மீ., ஆறு மணி நேரம். ஆறாம் நாள் பிகானேருக்கு வெளியே இருக்கும் ஜோர்பீர். ஏழாம் நாள் தால் சாப்பர் புல்வெளி. எட்டாம் நாள் காலை அங்கேயே பார்த்துவிட்டு ஜெய்ப்பூர் போய் ரயிலோ விமானமோ ஏறலாம். பிகானேர் போகும் சாலை திரும்பவும் பலோதி வழியாகத்தான் போகிறது. கீச்சனில் முதல் தடவை சரியாக அமையாவிட்டால் ஐந்தாம் நாள் இரவு பலோதியில் தங்கி, மறுநாள் காலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்.

தமிழ்நாட்டிலிருந்து நேரடி ரயில்கள் உண்டு. மதுரையிலிருந்து பிகானேருக்கும், மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோத்திக்கும் வாராந்திர வண்டி இருக்கிறது. இரண்டு இரவுப் பயணம். சின்னக் குழந்தைகள் இருந்தால் போகும்போதாவது விமானத்தில் போங்கள்.

ஒரு நல்ல செய்தி: ஜெய்சல்மேரில் டிசம்பர், ஜனவரியில் சூரியன் உதிக்க ஏறத்தாழ 7.30 ஆகிவிடும், சென்னையைவிட ஒரு மணி நேரம் தாமதம். பறவை பார்க்க நாலு மணிக்குப் பிள்ளைகளை எழுப்ப வேண்டியதில்லை. ஆறரைக்கு எழுந்து, சூடாகப் பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

பைனாகுலர்: ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை

நாலு பேருக்கு ஒரு பைனாகுலர் என்று போனால் சண்டைதான் மிஞ்சும். ஒவ்வொருவர் கண்ணுக்கும் அமைப்பு வேறு. கை மாறும்போதெல்லாம் திருகித் திருகிச் சரிசெய்வதற்குள் பறவை போய்விடும். பெரியவர்களுக்கு 8×42 போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் கானலும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 8×30 அல்லது 6×30. எடை அரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இரண்டு கண்களுக்கும் நடுவே இடைவெளி குறைவு. கடையில் குழல்கள் இரண்டையும் முழுக்க மடக்கிக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். ஒரே வட்டம் தெரிந்தால் வாங்கலாம். இரண்டு வட்டம் தெரிகிறது, ஓரத்தில் கருப்பாக இருக்கிறது என்றால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது. அதைவிடச் சின்னவர்களுக்கு பைனாகுலரே வேண்டாம். கொக்கும் பாறும் (பிணந்தின்னிக் கழுகு) வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும்.

அமைப்பது இப்படி. 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலது குழலின் முன்பக்கத்தைக் கையால் மூடி, இடது கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடதை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். இனிமேல் நடுச்சக்கரம் மட்டும்தான். கண்ணாடி அணிபவர்கள் கண்பக்கத்து ரப்பர்க் கிண்ணத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் காட்சிதான் தெரியும். வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ ஒரு வாரம் பழகிவிட்டால், அங்கே போய் “எங்கே, எங்கே” என்ற கூச்சல் பாதியாகும்.

ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) இருந்தால் எடுத்துப் போங்கள். முக்காலியைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்கி வையுங்கள், பெரியவர்கள் குனிந்துகொள்ளட்டும். காலை பத்தரைக்கு மேல் தரை சூடாகி, காற்று அலைபாய ஆரம்பித்ததும் 30 மடங்குக்கு மேல் பெரிதாக்குவதில் பயனே இல்லை. கருவியில் கோளாறு என்று நினைத்துத் திருகிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு காற்றில் இருக்கிறது. இன்னொன்று, குளிருக்காகக் காரில் ஹீட்டர் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து படம் எடுத்தால், உள்ளிருந்து வெளியேறும் சூடான காற்றே படத்தை மங்கலாக்கிவிடும். இடம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஹீட்டரை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நின்றதும் எஞ்சினையும் அணைத்துவிடுங்கள்.

லென்ஸில் மணல் பட்டால் துணியால் துடைக்கவே கூடாது, கீறிவிடும். முதலில் ரப்பர்ப் பந்தால் காற்றடித்து, பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் துணி.

கீச்சன்: முதல் காலை இங்கேதான்

குழந்தைகளுக்கு ஆர்வம் பற்றவைக்கக் கீச்சனைப் போல் வேறு இடம் இல்லை. அதனால்தான் அதை முதலில் வைத்திருக்கிறது. இங்கே வருபவை டெமாய்செல் கொக்குகள், ஊர்க்காரர்கள் குர்ஜா என்பார்கள். உலகில் உள்ள 15 வகைப் பெருங்கொக்குகளில் இதுதான் உருவில் சிறியது. அப்படியும் உயரம் 90 செ.மீ. இருக்கும். மங்கோலியா, கஜகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைக் கடந்து செப்டம்பர் வாக்கில் வந்து சேரும். ரத்தன்லால் மாலு என்பவர் 1970களில் புறாக்களுக்குத் தானியம் போட ஆரம்பித்து, கொக்குகளும் வந்து சேர்ந்து, ஊரே கூடிச் செய்யும் வேலையாக வளர்ந்தது. 2025 ஜூனில் கீச்சன் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

தானியம் போடும் வேலியிட்ட முற்றத்துக்குச் சுக்கா கர் என்று பெயர். ஓரத்து வீடுகளின் மொட்டை மாடியிலிருந்து பார்ப்பதுதான் வசதி. வீட்டுக்காரரிடம் முதல்நாள் மாலையே பேசிவையுங்கள், மாடி ஏறியதற்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். சூரியன் உதிக்கும் முன்பே மாடியில் இருக்க வேண்டும். முதலில் தூரத்தில் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கூட்டம் கூட்டமாக வந்து ஊருக்கு வெளியே வயலிலும் மணல்மேட்டிலும் இறங்கும். உடனே முற்றத்துக்கு வராது. ஒன்றிரண்டு மேலே சுற்றிப் பார்க்கும், போகும், திரும்ப வரும். முதல் கூட்டம் இறங்கிவிட்டால் மற்றவை அடுத்தடுத்து இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். குடும்பங்கள் தவறவிடுவது இங்கேதான். எட்டு மணிக்கு “ஒன்றும் வரவில்லை” என்று இறங்கி டீ குடிக்கப் போவார்கள்.

அது வரை பிள்ளைகள் எண்ணட்டும். பத்துக் கொக்கை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கையால் அளந்து, அதே அளவு மொத்தக் கூட்டத்துக்குள் எத்தனை தடவை அடங்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். பறவைக் கணக்கெடுப்பில் பெரியவர்கள் செய்வதும் இதேதான்.

நாய் ஒன்று குரைத்தாலோ, மாடியில் சிவப்புத் துப்பட்டா காற்றில் அடித்தாலோ, மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். மண் நிற உடையாகப் போட்டுக்கொள்ளுங்கள். டிரோன் பறக்கவிடக் கூடாது. பத்து மணி வாக்கில் கொக்குகள் முற்றத்தை விட்டு ஊர்க்குட்டைகளுக்குப் போகும். காலை உணவை முடித்துவிட்டு அங்கே போனால், தண்ணீர் குடிப்பதையும் குளிப்பதையும் நிதானமாகப் பார்க்கலாம். படத்துக்கும் இதுதான் நல்ல இடம். செத்துக் கிடக்கும் பறவையைத் தொட விடாதீர்கள், பறவைக் காய்ச்சல் அச்சம் உண்டு. இறகு பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவதும் வேண்டாம்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றமாகலாம்.

ஜெய்சல்மேரும் கானமயிலும்

பாலைவனத் தேசியப் பூங்காவின் பரப்பு 3162 சதுர கி.மீ.; ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. மொத்தத்தையும் சுற்ற முடியாது, தேவையும் இல்லை. சுதாசரி என்ற வேலியிட்ட புல்வெளிப் பகுதிக்கு மட்டும் போனால் போதும். அனுமதியை ஜெய்சல்மேர் வனத்துறை அலுவலகத்தில் முதல்நாளே வாங்கிவிடுங்கள். எல்லை மாவட்டம் என்பதால் பெரியவர், சிறியவர் அனைவருக்கும் அடையாள அட்டை நகலோடு போக வேண்டும். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குத் தனி அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

வண்டி உள்ளூர் ஜீப்பாக இருக்கட்டும், ஓட்டுநர் பறவை தெரிந்தவராக இருக்கட்டும். சாம் மணல்மேட்டில் சுற்றுலாப் பயணிகளைக் குலுக்கிக் காட்டும் ஓட்டுநர் வேறு, இவர் வேறு. பேசும்போதே “கோடாவண் எங்கே நிற்கும்” என்று கேளுங்கள்; கானமயிலுக்கு அங்கே அதுதான் பெயர். “கட்டாயம் காட்டுவேன்” என்று அடித்துச் சொல்பவரைத் தவிருங்கள். துரத்திப் போய்க் காட்டுவார்.

தங்க சாம் மணல்மேட்டுக் கூடாரங்களை எடுக்காதீர்கள். இரவு ஒலிபெருக்கிப் பாட்டு ஓய நேரமாகும், மறுநாள் யாரும் எழ மாட்டார்கள். நகரத்திலேயே தங்கினால் வெயில் ஏறியதும் திரும்பிவந்து தூங்கவும் முடியும்.

கானமயில் ஆண் ஒரு மீட்டர் உயரம், 15 கிலோ வரை எடை. வெள்ளைக் கழுத்து, தலையில் கருந்தொப்பி, மார்பில் கருப்புப் பட்டை. பெண் உருவில் சிறியது. மொத்தமே 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன என்பது மதிப்பீடு. “ஏன் இவ்வளவு குறைவு” என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். வழியெல்லாம் நிற்கும் மின்கம்பிகளைக் காட்டுங்கள். கானமயிலின் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன, நேர் எதிரே சரியாகத் தெரியாது. கம்பி தெரியும்போது இவ்வளவு கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. போடுவதும் பெரும்பாலும் ஒரே முட்டை. கானமயிலைக் காக்கக் கோரிய வழக்கில்தான் 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோவது பற்றி உத்தரவிட்டது. சாமில் முட்டைகளைப் பொரிக்கவைத்து வளர்க்கும் மையம் இருக்கிறது. அது சுற்றுலா இடம் இல்லை, அங்கே போய்க் கேட்காதீர்கள்.

தேடும் முறை: காலை எட்டிலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து ஐந்தரை. சேவண் புல் அடர்ந்த சமவெளியில், தடத்தை விட்டு இறங்காமல் மெதுவாகப் போய், அரைக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை பைனாகுலரால் மெல்ல வருட வேண்டும். வெள்ளையாகக் குச்சி நட்டதுபோல் தெரிவதையெல்லாம் இன்னொரு தடவை பாருங்கள். தென்பட்டதும் நின்றுவிடுங்கள். 300 மீட்டர் தூரமே போதும். கழுத்தை விறைப்பாக நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்படியே பின்வாங்குங்கள். வண்டியிலிருந்து யாரும் இறங்கக் கூடாது. வண்டியைப் பொறுத்துக்கொள்ளும் பறவை, மனிதன் காலை ஊன்றியதும் எழும்பிவிடும். அலைபேசியில் குரல் போட்டுப் பறவையை வரவழைப்பது இங்கே எந்தப் பறவைக்கும் வேண்டாம்.

கானமயில் கிடைக்காமல் போகலாம். அன்றைய நாள் வீணாகாது. ஓடுவதும் சட்டென்று நிற்பதுமாக இருக்கும் மணல்நிறக் கோர்சர், அடிவரை கருத்த வாலோடு புதர் உச்சியில் உட்காரும் பாலைவன வீட்டியர், சிங்காரா மான், பாலைவன நரி எல்லாம் இதே புல்வெளியில் உண்டு. கல்கௌதாரி பார்க்க ஒரு தண்ணீர்க் குட்டையைத் தேர்ந்தெடுத்து, காலை எட்டரைக்குள் ஓரமாக வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். விதை மட்டுமே தின்னும் பறவை, தினமும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். கூட்டமாகக் கத்திக்கொண்டே வந்து இறங்கி, சில நொடிகள் குடித்துவிட்டுப் பறந்துவிடும். ஆண் பறவை வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்குத் தண்ணீர் ஊட்டும் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை.

நடுப்பகலுக்கு அகல் மரப்புதைபடிவப் பூங்கா. பார்மேர் சாலையில் 17 கி.மீ., கல்லாகிப்போன 18 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள். மாலையில் கடிசர் ஏரிக்கரையில் வாத்துகள்.

ஜோர்பீர்: பாறுகளின் பந்தி

பிகானேருக்கு வெளியே செத்த கால்நடைகளைக் கொண்டுவந்து போடும் திடல் இது. குளிர்காலத்தில் ஸ்டெப்பி கழுகுகள் நூற்றுக்கணக்கில் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். கூடவே மஞ்சள்முகப் பாறு, யூரேசியப் பாறு, இமயமலைப் பாறு, எல்லாவற்றையும்விடப் பெரிய கரும்பாறு. தமிழ்நாட்டில் ஒரு பாறு பார்க்க மாயாறு பள்ளத்தாக்கில் வானத்தை அண்ணாந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கே வேலிக்கல்லில் உட்கார்ந்திருக்கும்.

இந்த இடத்துக்குச் சில கண்டிப்பான விதிகள். பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. பிணம் தின்று பழகிய நாய்க் கூட்டங்கள் இருக்கின்றன, மனிதரைக் கண்டு ஒதுங்காது. காற்று முதுகுப்பக்கமிருந்து வருமாறு வண்டியை நிறுத்துங்கள், நாற்றம் பாதியாகும். காலையில் சூரியனும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முகக்கவசத்தில் கொஞ்சம் விக்ஸ் தடவிக் கொடுங்கள். பிணத்தைப் பார்த்து மிரளும் பிள்ளையாக இருந்தால் திடலுக்குள் போகாமல், ஓரத்து வன்னி மரங்களில் அடையும் மஞ்சள்கண் புறாக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

கழுகு அடையாளத்தில் எல்லோருக்கும் குழப்பம் வரும். வாயோரக் கோட்டைப் பாருங்கள். மஞ்சள் கோடு கண்ணின் பின்னோரம் வரை ஓடினால் ஸ்டெப்பி, நடுக்கண்ணோடு நின்றால் டானி கழுகு. இளம் ஸ்டெப்பிக்குச் சிறகின் அடியில் அகலமான வெள்ளைப் பட்டை இருக்கும். பிற்பகலில் பக்கத்திலேயே இருக்கும் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம்; ஒட்டகப்பால் ஐஸ்கிரீமுக்காகவே பிள்ளைகள் கேட்பார்கள்.

தால் சாப்பர்

வெறும் ஏழு சதுர கி.மீ. புல்வெளி. கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் இருக்கும் அதே வெளிமான்தான், இங்கே கூட்டம் கூட்டமாக. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புல்வெளி ஓரம் நின்றால், பூனைப்பருந்துகள் புல்லுக்கு மேலே ஓரடி இரண்டடி உயரத்தில் சிறகை ஆங்கில வி எழுத்தாகத் தூக்கி மிதந்து வந்து இரவுக்கு அடையும். காலையில் புள்ளி மரமேறி என்ற சின்னப் பறவையை வன்னி, கருவேல மரங்களின் தடித்த கிளைகளில் தேடுங்கள். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும், அசைந்தால்தான் தெரியும். பனிமூட்டம் இருந்தால் ஒன்பதரை வரை அறையிலேயே இருங்கள், முன்னால் போய்ப் பயனில்லை.

பெட்டியில்

காலையில் 5 முதல் 8 டிகிரி, மதியம் 24, 25. ஒரே தடித்த ஸ்வெட்டர் போட்டால் பத்து மணிக்கு வேர்க்கும், கழற்றினால் நடுங்கும். உள்பனியன், மெல்லிய கம்பளிச் சட்டை, காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள். கையுறையும் காது மூடும் குல்லாவும் கட்டாயம், திறந்த ஜீப்பில் குளிர் அங்கேதான் ஏறும். பரூட் என்ற புல்லின் முள் விதை கம்பளிக் காலுறையில் ஒட்டினால் பிய்க்கவே முடியாது. வழவழப்பான துணியில் கால்சட்டை, கணுக்காலுக்கு மேல் ஏறும் ஷூ, ஒரு சின்ன இடுக்கி.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், அதற்கு மேல் வண்டியில் 10 லிட்டர் கேன். குளிரில் தாகம் தெரியாது, வேர்வையும் காய்ந்துவிடும், பிள்ளைகள் தலைவலி என்பார்கள். மணிக்கு ஒரு தடவை நீங்களே கொடுங்கள். உதடு வெடிப்பதும் மூக்கில் ரத்தம் கசிவதும் சகஜம். மூக்கின் உள்ளோரம் வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாக உறைந்துவிடும், எடுக்கவே முடியாது. மறைவிடம் இல்லாத சமவெளி என்பதால் ஒரு மடிக்கும் குடை, பழைய போர்வை, டிஷ்யூ, குப்பைப் பை ஆகியவை வண்டியில் இருக்கட்டும்.

சாப்பாடு கஷ்டமில்லை. சோறும் கெட்டித் தயிரும் எங்கும் கிடைக்கும், பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போனால் சின்னவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். கேர் சாங்கிரி வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். சாங்கிரி என்பது வன்னி மரத்தின் காய்.

ஒரு நாள் குறைந்தால் ஜெய்சல்மேரில் ஒரு நாளைக் குறையுங்கள், கீச்சனைக் குறைக்காதீர்கள். இரண்டு நாள் குறைந்தால் தால் சாப்பரையும் விட்டுவிட்டுப் பிகானேரிலிருந்தே ரயில் ஏறிவிடுங்கள். வயதானவர்களோ மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையோ கூட வந்தால் 330 கி.மீ. சாலைப் பயணத்தை ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். பலோதியில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போங்கள், மறுநாள் காலை கொக்குகள் இன்னொரு தடவை கிடைக்கும்.